முப்பத்தெட்டாவது பெயர்

அமெரிக்கக் கால்பந்தில் லைன்பேக்கர் என்றால் யார் என்பதை அக்கா மகன் எனக்குச் சாப்பாட்டு மேசையில் வைத்து விளக்கினான். 2023 மே விடுமுறை. சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகரில் அக்கா வீடு. இட்லிப்பொடி டப்பா, ஊறுகாய் பாட்டில்கள், நெய் ஜாடி எல்லாவற்றையும் எதிரெதிராக நிறுத்தினான். "இது தடுக்கிற பக்கம் சித்தி. முன்னாடி நிக்கிறவங்க கனமானவங்க, மோதுறதுதான் வேலை. அவங்களுக்குப் பின்னாடி நடுவுல நிக்கிறான் பாருங்க, இவன்தான் லைன்பேக்கர்" என்று நெய் ஜாடியைத் தட்டினான். எதிரணி என்ன செய்யப்போகிறது என்று முன்கூட்டியே படிக்க வேண்டும். தன் ஆட்களுக்குக் கத்திச் சொல்ல வேண்டும். பந்தோடு வருகிறவனை மோதி வீழ்த்த வேண்டும், பந்தை வீசினால் பின்னால் ஓடிப் பறிக்கவும் வேண்டும். "மொத்தத்துல எல்லாத்தையும் அவன்தான் பார்த்துக்கணும்." அடுப்படியிலிருந்து அக்கா, "அப்ப இந்த வீட்டு லைன்பேக்கர் நான்தான்" என்றாள்.

இந்தப் பாடம் ஓர் ஆவணப்படம் பார்ப்பதற்காக. 2022இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த படம், இரண்டு பாகம், இல்லாத ஒரு காதலியைப் பற்றியது. "நீங்க கவிதை எழுதுறவங்க, உங்களுக்குப் பிடிக்கும்" என்று போட்டுவிட்டான். முடிந்தபோது இரவு ஒரு மணி. அவன் தூங்கப் போய்விட்டான். நான் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று அன்று அவனிடம் சொல்ல முடியவில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மான்ட்டை டேயோ ஹவாயில் பிறந்து வளர்ந்தவர், சமோவா வம்சாவளி, மோர்மன் குடும்பம். இண்டியானா மாநிலத்தின் நோட்டர் டேம் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய லைன்பேக்கர். 2012 செப்டம்பரில் அவருடைய பாட்டி இறந்தார். அதே நாளில் காதலி லெனே கெகுவாவும் இறந்துவிட்டதாகத் தொலைபேசியில் செய்தி வந்தது. ஸ்டான்ஃபோர்டு மாணவி, கார் விபத்தில் அடிபட்டவர், பிறகு ரத்தப் புற்றுநோய் என்பது கதை. சில நாட்களில் மிச்சிகன் ஸ்டேட் அணியோடு ஆட்டம். டேயோ ஊருக்குப் போகவில்லை, ஆடினார். நோட்டர் டேம் 20-3 என்று வென்றது. அன்றிலிருந்து அவர் வெறும் ஆட்டக்காரர் இல்லை, துக்கத்தைத் தாங்கி ஆடும் வீரன். பத்திரிகை அட்டைகளில் வந்தார். அந்தப் பருவத்தில் எதிரணி வீசிய பந்துகளில் ஏழைப் பறித்தார். நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தார். தடுப்பாட்டக்காரர் ஒருவர் அந்த இடத்துக்கு வருவது அபூர்வம். தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றிலேயே போவார் என்று பலரும் கணித்தார்கள்.

அந்தப் பெண்ணை யாரும் பார்த்ததில்லை. டேயோவும் பார்த்ததில்லை. இரவு முழுக்கத் தொலைபேசியைத் துண்டிக்காமல் அவள் மூச்சைக் கேட்டபடி தூங்கியிருக்கிறார், அவ்வளவுதான். டிசம்பரில் செத்துப்போன அதே குரல் மறுபடி அழைத்தது. மாத இறுதியில் பயிற்சியாளர்களிடம் சொன்னார். 2013 ஜனவரி 16 அன்று டெட்ஸ்பின் என்ற இணையதளம் எல்லாவற்றையும் உடைத்தது. மரணப் பதிவு இல்லை, பல்கலைக்கழகப் பதிவு இல்லை, அப்படி ஒரு பெண்ணே இல்லை. நான்கு மாதம் அவளைப் பற்றி எழுதிய பெரிய பெரிய பத்திரிகைகள் அவள் இருந்தாளா என்பதையே உறுதிசெய்யவில்லை. எனக்கு முதலில் உறைத்தது இதுதான். வீரனின் கதையில் காதலி செத்திருந்தால் போதும், வாழ்ந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

இனி டிராஃப்ட். 32 அணிகள், ஏழு சுற்றுகள். முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை. ஆட்டக்காரன் அணியைத் தேர்ந்தெடுக்க முடியாது, அணிதான் அவனைத் தேர்ந்தெடுக்கும். எத்தனையாவது பெயராக அழைக்கப்படுகிறான் என்பதைப் பொறுத்தே முதல் ஒப்பந்தப் பணம். 2013இல் 254 பெயர்கள். இதற்கு இரண்டு மாதம் முன்பு, பிப்ரவரியில், இண்டியானாபோலிஸ் நகரில் 'கம்பைன்' என்று ஒன்று நடக்கும். அரைக்கால் சட்டையோடு பையன்களை நிறுத்தி உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம் அளப்பார்கள். 40 கெஜம் ஓடவிடுவார்கள். பிறகு அறைக்குள் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா மகனுக்குப் புரியவில்லை, அக்காவுக்குப் புரிந்தது. 2003இல் என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தின் அத்தை, முதலில் என் செருப்பைக் கழற்றச் சொல்லி நிலைவாசல் பக்கம் நிற்கவைத்து உயரம் பார்த்தார். கொல்லையிலிருந்து தண்ணீர் எடுத்து வரச் சொன்னது நடையைப் பார்க்க. தினசரியின் சின்ன எழுத்தைப் படிக்கச் சொன்னது கண்ணைப் பார்க்க. முதுகலைத் தமிழில் தங்கப் பதக்கம் வாங்கியிருந்த நான், ஒரு விபத்துச் செய்தியைச் சத்தமாக வாசித்தேன். ஆண்களை இப்படிப் பார்க்கும் ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது என்பதில் ஒரு நொடி அற்ப சந்தோஷம். ஒரு நொடிதான். அங்கே அளக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பையன்கள், அணி உரிமையாளர்களோ அநேகமாக எல்லோரும் வெள்ளைக்காரர்கள். அதைப் பார்த்தால் சந்தோஷம் நிற்காது.

டேயோ அங்கே 40 கெஜத்தை 4.82 விநாடியில் ஓடினார். லைன்பேக்கருக்கு அது மெதுவு. மார்ச்சில் தன் பல்கலைக்கழகத்தில் மறுபடி ஓடி கொஞ்சம் குறைத்தார். ஆனால் அந்த வசந்த காலத்தில் அவரைப் பற்றிய பேச்சு ஓட்டத்தைப் பற்றி மட்டும் இல்லை. இல்லாத காதலி எதற்கு? அவன் எதை மறைக்கிறான்? அவனுக்குப் பெண்களைப் பிடிக்குமா? தொலைக்காட்சிப் பேட்டியில் நேராகவே, நீ தன்பால் ஈர்ப்பு உள்ளவனா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அதே கம்பைனுக்கு வந்த இன்னொரு ஆட்டக்காரர், கொலராடோக்காரர், அணி ஆட்கள் தன்னிடம் பெண்களைப் பிடிக்குமா என்று கேட்டதாக வானொலியில் சொன்னார். நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் லீக்குக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அது போனது.

காதலி என்பவள் அந்தச் சந்தையில் ஒரு சான்றிதழ். உயிரோடு இருந்தால் ஆண்மைக்குச் சான்று, செத்தால் மன உறுதிக்குச் சான்று, பொய் என்று தெரிந்தால் சான்றிதழே போலி, ஆகவே ஆளே சந்தேகம்.

ஏப்ரல் 25, வியாழன் இரவு, நியூயார்க்கில் முதல் சுற்று. 32 பெயர்கள் அழைக்கப்பட்டன, அவர் பெயர் இல்லை. அன்று முப்பதாவதாகப் போன ஜார்ஜியா லைன்பேக்கர் ஒருவர், இரண்டு மாதம் முன்புதான் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானவர். மறுநாள் இரண்டாம் சுற்றில் சான் டியேகோ சார்ஜர்ஸ் அணி அரிசோனாவோடு பேரம் பேசி முன்னுக்கு வந்து டேயோவை எடுத்தது. 38வது பெயர். அக்கா மகனும் மாமாவும் இதில் ஒரே கட்சி: "அவர் ஸ்லோ சித்தி, அதான். சாம்பியன்ஷிப்ல அலபாமாகிட்ட 42-14னு அடி வாங்கினாங்க. அதுல இவரைத் தாண்டித் தாண்டி ஓடினாங்க." இருக்கலாம். 4.82க்கு எத்தனை இடம், அலபாமாவுக்கு எத்தனை இடம், லெனேக்கு எத்தனை இடம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அணிகள் அதற்கு வைத்திருக்கும் சொல் 'கேரக்டர்'. அதற்குள் எதையும் போட்டு மூடலாம்.

எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் டேயோ இல்லை, அந்தப் புகைப்படம். இல்லாத பெண்ணுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. கலிஃபோர்னியாவில் வாழ்ந்த ஒரு உண்மையான பெண்ணின் சமூக வலைதளப் படங்களை, அவரோடு பள்ளியில் படித்தவர் எடுத்துக்கொண்டார். 2012 டிசம்பரில் இன்னும் ஒன்று கேட்டு வாங்கினார். விபத்தில் அடிபட்ட உறவினரை உற்சாகப்படுத்த வேண்டும், சில எழுத்துகளை எழுதிக் கையில் பிடித்து ஒரு படம் அனுப்பு என்றார். அந்தப் பெண் பரிதாபப்பட்டு அனுப்பினார். டேயோவை அவர் சந்தித்ததே இல்லை. ஒரு நாள் காலையில் நாடே அழுத ஒரு பிணத்தின் முகம் தன் முகம் என்று தெரிந்துகொண்டார். டேயோவின் சந்தை மதிப்பு எத்தனை இடம் சரிந்தது என்று விளையாட்டுப் பக்கங்கள் எண்ணின. இந்தப் பெண்ணுக்கு என்ன சரிந்தது என்பதற்குப் பட்டியல் இல்லை. பொதுவெளியில் வந்து தன் பெயரைச் சொல்லிப் பேசினார். இருந்தாலும் நான் அதை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு முறை வேறொரு கதைக்குள் இழுக்கப்பட்டது போதும்.

2015இல் என் இரண்டாவது தொகுப்பு வெளியீட்டு விழாவில் எடுத்த படம் ஒன்று. மெரூன் நிறச் சுங்குடிச் சேலை, கையில் புத்தகம். அந்தப் படத்தோடு வேறு ஒரு பெயரில் ஃபேஸ்புக் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை முதல் பீரியட் முடிந்து வந்தபோது வாட்ச்மேன் அண்ணன் ஓடி வந்தார். கேட்டில் ஒருவர் நிற்கிறார், உங்களைப் பார்க்காமல் போக மாட்டேன் என்கிறார் என்று. முப்பத்தைந்து வயது இருக்கும். பேருந்தில் இரவு முழுக்க வந்த முகம். ஒரு கையில் ஸ்வீட் பாக்ஸ், இன்னொரு கையில் ஜவுளிக்கடைப் பை. என்னைப் பார்த்ததும் நான் இல்லாத பெயரைச் சொல்லி அழைத்தார். ஒன்றரை வருடமாக எழுத்தில் பேசியிருக்கிறார். கொஞ்சம் பணமும் அனுப்பியிருக்கிறார். நான் அவள் இல்லை என்று சொல்லச் சொல்ல, "வேலை போயிடும்னு பயப்படாதீங்க, நான் எதுவும் கேட்க மாட்டேன்" என்றார். பிறகு புரிந்துவிட்டது. கேட் சுவரில் சாய்ந்து நின்று அழுதார். மூன்றாம் ஆண்டு மாணவிகள் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல்வர் அறையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "உங்களுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?" இரண்டாவது: "ஏம்மா போட்டோவெல்லாம் பப்ளிக்கா வைக்கிறீங்க?" கணக்கை உருவாக்கியவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டாம், கல்லூரி பெயர் கெடும் என்றார்கள். கொடுத்தேன். கணக்கு மறைந்தது, ஆள் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு என் பதவி உயர்வுக் கோப்பு செயலாளர் கையெழுத்துக்குப் போயிருந்தது. முனைவர் பட்டம், கட்டுரைகள், பணிக்காலம் எல்லாம் சரி. கோப்பு பதினேழு மாதம் மேசையிலேயே இருந்தது. காரணம் யாரும் எழுத்தில் தரவில்லை. ஒரு மூத்த பேராசிரியை மட்டும் கழிவறை வாசலில் மெதுவாகச் சொன்னார்: "கேரக்டர்னு ஒரு பேச்சு இருக்கும்மா. கொஞ்ச நாள் ஆறட்டும்."

அந்தச் சொல்லைப் பல வருடம் கழித்து, சிகாகோவில், ஒரு லைன்பேக்கரைப் பற்றிய பேச்சில் மறுபடி கேட்டேன். எனக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவரை மோசமானவர் என்று சந்தேகித்தபோதும் ஓர் அணி முன்னுக்கு வந்து எடுத்துக்கொண்டது.

அந்தப் படத்தை இயக்கிய கையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் நேர்மையாக இருந்ததாக ஆகாது. லெனேயை உருவாக்கியவர் 2013இல் ஆணாக அறியப்பட்டவர். இன்று அவர் நயா டுயாசோசோபோ, திருநங்கை. ஆவணப்படத்தில் அவரே பேசுகிறார். பார்க்கும்போது என் வகுப்பறைப் புத்தி உடனே சங்கப் பாடலுக்கு ஓடியது. ஆண் புலவர்கள் தலைவி கூற்றாக நூற்றுக்கணக்கில் பாடியிருக்கிறார்களே, அதுபோல என்று. மறுநாள் காலை காபி போடும்போது அது தவறு என்று பட்டது. புலவர் பெண்குரலை இரவல் வாங்கினார். பாடி முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆணாகவே வீட்டுக்குப் போனார். நயா இரவல் வாங்கியது குரலை அல்ல. குரல் அவருடையது. தேவாலயமும் கால்பந்தும் சூழ்ந்த ஒரு குடும்பத்தில் அந்தக் குரலுக்கு முகம் கொடுக்க வழி இல்லை, ஆகவே இன்னொரு பெண்ணின் முகத்தை எடுத்தார். அவர் திருநங்கை என்பது ஏமாற்று அல்ல. டேயோவுக்கும் அந்த வகுப்புத் தோழிக்கும் செய்தது ஏமாற்று. இரண்டையும் ஒன்றாக்கிச் சிரித்தவர்கள் அன்று நிறைய. என்னால் நயாவை வெறுக்க முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. மன்னிக்க வேண்டிய ஆள் நான் இல்லை என்பது வேறு.

ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது நோட்டர் டேமைப் பார்க்க வேண்டும் என்றேன். அக்கா, "அங்க என்னடி இருக்கு, ஷாப்பிங்காவது போகலாம்" என்றாள். ஆனாலும் கிளம்பினோம். கிழக்கே இரண்டு மணி நேரம். இண்டியானாவின் அந்தப் பகுதியில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். பிரதான கட்டடத்தின் மேல் தங்க முலாம் பூசிய கோபுரம், அதன் உச்சியில் மாதா. நோட்டர் டேம் என்ற பிரெஞ்சுப் பெயருக்கே 'எங்கள் அன்னை' என்றுதான் பொருள். அன்னையின் பெயரை வைத்துக்கொண்ட அந்தப் பல்கலைக்கழகம் பெண்களை இளநிலை மாணவிகளாகச் சேர்த்தது 1972இல்தான். அதற்கு முன்பும் பின்பும் சாலைக்கு அந்தப் பக்கம் செயின்ட் மேரிஸ் என்ற பெண்கள் கல்லூரி இருக்கிறது. நான் பார்க்க நினைத்தது அதை.

2010 ஆகஸ்ட் கடைசியில் அந்தக் கல்லூரியின் முதலாண்டு மாணவி ஒருவர், 19 வயது, நோட்டர் டேம் கால்பந்து ஆட்டக்காரர் ஒருவர் தன்னிடம் அத்துமீறியதாக வளாகக் காவல்துறையிடம் எழுதிக் கொடுத்தார். அந்த ஆட்டக்காரர் டேயோ அல்ல. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நோட்டர் டேம் கால்பந்தோடு மோதுவது நல்லதல்ல என்று ஆட்டக்காரரின் நண்பர் ஒருவரிடமிருந்து அந்தப் பெண்ணுக்குக் குறுஞ்செய்தி வந்தது. சம்பவம் நடந்து பத்து நாளில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். காவல்துறை ஆட்டக்காரரிடம் விசாரித்தது அதற்கும் பிறகு. வழக்குப் பதிவாகவில்லை. அவர் தொடர்ந்து ஆடினார். 2013 ஜனவரியில் டேயோவுக்காகப் பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர் செய்தியாளர்கள் முன் கண்கலங்கினார். இந்தப் பெண்ணுக்காக அப்படிக் கண்கலங்கியவர்கள் எங்கே என்று கேட்டு எழுதியவர், அதே நோட்டர் டேமில் படித்த ஒரு பெண் பத்திரிகையாளர்.

நான் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனேன். கோடை விடுமுறை, ஆளில்லை. இரண்டு பக்கமும் மரங்கள் நின்ற நீளமான பாதை. பாதி தூரம் நடந்தேன். இல்லாத பெண்ணின் ஊர், படிப்பு, நோய் எல்லாம் அன்று நாட்டுக்கே மனப்பாடம். இங்கே நடந்த பெண்ணுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும், யாரோடு அறையைப் பகிர்ந்தார் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. அக்கா போனில் கூப்பிட்டாள், பார்க்கிங் நேரம் முடிகிறது என்று.

திரும்பும்போது காரில் அக்கா மகனிடம் என் கதையைச் சொன்னேன். மகளிர் கல்லூரி, முதல்வர் அறை, கோப்பு எல்லாம். அக்காவுக்கே பாதி தெரியாது. அவள் வண்டியை ஓட்டியபடி, "ஏன்டி அப்ப சொல்லல?" என்று ஒரு முறை கேட்டாள், பிறகு பேசவில்லை. பையன் கொஞ்ச நேரம் கழித்து, டேயோ அப்புறம் பல வருஷம் ஆடினார், சான் டியேகோ, நியூ ஆர்லியன்ஸ் எல்லாம், மோசமில்லை என்றான். எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னானா, லைன்பேக்கருக்காகச் சொன்னானா தெரியவில்லை. பிறகு கேட்டான்:

"சித்தி, அந்த ஆளு கொண்டுவந்த பையில என்ன இருந்துச்சு?"

"சேலை."

"என்ன பண்ணீங்க?"

கேட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். மாம்பழ மஞ்சள், சிவப்புக் கரை. வாட்ச்மேன் அண்ணன் அதை மடித்து வருகைப் பதிவேட்டுக்குக் கீழே மேசை அறையில் வைத்திருந்தார். தினமும் காலையில் கையெழுத்துப் போடும்போது பையின் ஓரம் தெரியும். கோப்பு கையெழுத்தாகி வந்த மாதத்தில் அது அங்கே இல்லை. நான் கேட்கவில்லை.